வரைந்த பின்னும் திருத்தக்கூடிய வரைபடம்

புள்ளிவிவர நிரலாக்கத்தில் ஒரு வரைபடத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பிஎன்ஜி போன்ற படக்கோப்பாகச் சேமித்தால் மிஞ்சுவது நிறப்புள்ளிகள் மட்டுமே. எந்தப் பட்டை எந்த ஊருக்கு உரியது என்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. வரைபடப் பொருளாகச் சேமித்தால் தரவு, அச்சுகள், அடுக்குகள், தலைப்பு எல்லாம் தனித்தனி உறுப்புகளாகவே உள்ளே இருக்கும். பிறகு எடுத்துத் திருத்தி மறுபடி காட்ட உதவுவது இந்த இரண்டாவது வகைதான்.

இந்த வசதி ஆர் மொழியில் எல்லா வரைபடங்களுக்கும் கிடைப்பதில்லை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய அம்மொழியின் அடிப்படை வரைகலை, கட்டளை கிடைத்ததுமே திரையில் கோடு இழுத்துவிடும். ‘பிளாட்’ கட்டளையின் விளைவை ஒரு மாறியில் வைத்தால் அந்த மாறி வெறுமையாகவே இருக்கும். ‘ரெக்கார்ட்பிளாட்’ அந்தப் படத்தைப் பதிவு செய்யும், ‘ரீப்ளேபிளாட்’ அதைத் திரும்ப ஓட்டிக் காட்டும். ஆனால் இடையில் ஒரு பட்டையின் நிறத்தை மாற்ற எளிய வழி கிடையாது.

வரைபடத்தைத் திருத்தக்கூடிய பொருளாக ஆர் பயனர்களிடம் கொண்டுசேர்த்ததில் இந்தியர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. தில்லியிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தீபாயன் சர்க்கார் எழுதிய லேட்டிஸ் தொகுப்பு, ஆர் மொழியை நிறுவும்போது வழக்கமாகக் கூடவே வருகிறது. அதன் கட்டளைகள் நேரடியாக எதையும் வரைவதில்லை. ஒரு பொருளைத் திருப்பித் தருகின்றன. அந்தப் பொருளை அச்சிடும்போதுதான் படம் தோன்றும். ‘அப்டேட்’ கட்டளைக்குப் பழைய பொருளையும் புதிய தலைப்பையும் கொடுத்தால், தலைப்பு மட்டும் மாறிய புதுப் பொருள் கிடைக்கும். ஒரு சுழலுக்குள்ளோ சார்புக்குள்ளோ ‘பிரின்ட்’ என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது. புதிதாகக் கற்பவர்கள் திகைத்து நிற்கும் இடம் இது.

இன்று அதிகம் புழங்குவது ஹாட்லி விக்கம் உருவாக்கிய ஜிஜிபிளாட்2 தொகுப்பு. அதில் வரைந்த, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுக்கும் 2011 மக்கள்தொகையைக் காட்டும் பட்டை வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. இதை ‘மலைப்படம்’ என்ற பெயரில் சேமித்தாயிற்று. குண்டூர் நாட்டைப் பற்றிப் பேச வேண்டியவருக்கு ஒரே நிறத்தில் நிற்கும் 14 பட்டைகள் போதாது. அவர் ‘மலைப்படம்’ என்று எழுதி, ஒரு கூட்டல் குறி போட்டு, குண்டூர் நாட்டின் ஒற்றை வரித் தரவைக் கொண்ட இன்னொரு பட்டை அடுக்கைச் சிவப்பில் சேர்த்தால் போதும். பழைய பட்டையின் மேல் புதியது அமர்ந்துவிடும். மற்ற 13 பட்டைகளும் அப்படியே இருக்கும். இந்தக் கூட்டல் மூலப் பொருளைத் தொடாது. விளைவை வேறொரு பெயரில் வைத்தால்தான் அது நிலைக்கும்.

தரவையே மாற்றவும் இயலும். நெடுவரிசைப் பெயர்கள் ஒன்றாக இருந்தால், இரு விழுக்காட்டுக் குறிகளுக்கிடையே கூட்டல் குறி கொண்ட செயற்குறியைப் பயன்படுத்தி 2001 கணக்கெடுப்பின் அட்டவணையை அதே படத்துக்குள் செலுத்தலாம். பட்டைகளின் உயரம் மாறும், வடிவமைப்பு மாறாது. தலைப்பில் ‘2011’ என்று இருந்தால் அதைத் தனியே திருத்த வேண்டும்.

தமிழில் பெயரிடுவோருக்குப் பொருளாகச் சேமிக்கும் இந்த முறை தரும் நன்மை பெரிது. ஆர் மொழியின் வழக்கமான பிடிஎஃப் கருவி தமிழ் எழுத்துகளை அறியாது. ‘குண்டூர் நாடு’ என்று வர வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் விழும். பொருள் கையில் இருந்தால் எதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. கெய்ரோ பிடிஎஃப் கருவியைத் திறந்து, தமிழ் எழுத்துரு ஒன்றைச் சுட்டி, அதே பொருளை அச்சிட்டால் கொம்பும் காலும் உரிய இடத்தில் வரும்.

கவனமாக இருக்க வேண்டிய இடமும் இந்த முறையிலேயே இருக்கிறது. ஜிஜிபிளாட்2 பொருள், தனக்குக் கொடுத்த முழு அட்டவணையையும் உள்ளே வைத்துக்கொள்கிறது. சாமை, தினை, மரவள்ளி, மிளகு எந்த வீட்டில் எவ்வளவு பயிராகிறது என்று வீடுவீடாகக் கேட்டெழுதிய கணக்கில் குடும்பத் தலைவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தால், படத்தில் பயிர்ப் பரப்பு மட்டுமே தெரிந்தாலும் பொருளுக்குள் அவை ஒளிந்திருக்கும். ஆர் பொருள்களைச் சேமிக்கும் ஆர்டிஎஸ் கோப்பாக அதை அனுப்பினால், பெறுகிறவர் ஒரே கட்டளையில் அத்தனையையும் படித்துவிடலாம். நம்பித் தகவல் சொன்ன மக்களுக்கு இப்படிக் கேடு நேரக்கூடாது. வரையும் முன்பே, தேவையான நெடுவரிசைகளைத் தவிர மற்றவற்றை அட்டவணையிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

ஆர்டிஎஸ் கோப்பாக வைத்த பொருளின் ஆயுளுக்கும் உத்தரவாதமில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஜிஜிபிளாட்2 4.0.0 பதிப்பில் பொருள்களின் உள்ளமைப்பே மாற்றப்பட்டது. பழைய பதிப்பில் சேமித்தவற்றைப் புதியதில் திறக்கும்போது பிழை வரலாம். பைத்தானின் மேட்பிளாட்லிப் படங்களைப் பிக்கிள் கோப்பாகச் சேமிப்போருக்கும் இதே சிக்கல் உண்டு. ஆண்டுக்கணக்கில் பாதுகாக்க வேண்டிய படமென்றால், தரவைச் சிஎஸ்வி கோப்பிலும் வரைந்த நிரலை உரைக்கோப்பிலும் பொருளோடு சேர்த்து வைப்பதே வழக்கம்.