நடிகர் ஆவதற்கு முன்: ஓவியர் சிவகுமாரின் ஏழு வருடங்கள்

போன மாதம் அயர்லாந்து வரலாறு கொஞ்சம் படிச்சிட்டிருந்தேன். கான்ஸ்டன்ஸ் மார்கீவிச்னு ஒரு அம்மா (1868–1927). லண்டன் ஸ்லேட் பள்ளியிலும் பாரிஸிலும் ஓவியம் படிச்சவங்க. டப்ளின் மேடைகளில் நடிச்சவங்க. அப்புறம் ரெண்டையும் விட்டுட்டு 1916 ஈஸ்டர் எழுச்சியில் துப்பாக்கி எடுத்தாங்க. 1918-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவங்கதான். அந்த இருக்கையில் மட்டும் போய் உட்காரவில்லை.

படிச்சு முடிச்சதும் ஒரு கேள்வி. ஓவியம், நடிப்பு ரெண்டிலும் முறையாகக் கால் வெச்சவங்க நம்ம பக்கம் யாரு? எங்க மாமாவிடம் கேட்டேன். மேட்டூரில் இருபது வருஷத்துக்கு மேல சினிமா பேனர் எழுதினவர். யோசிக்காம சொன்னார்: "சிவகுமார்தான் மாப்ள. அவரு முதல்ல எங்க ஆளு. அப்புறந்தான் நடிகரு."

எங்க ஆளு! அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தேட ஆரம்பிச்சேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

காசிகவுண்டன்புதூரிலிருந்து மெட்ராஸ்

சிவகுமாரின் இயற்பெயர் பழனிசாமி. 1941 அக்டோபர் 27-ல் கோவை மாவட்டம் சூலூர் பக்கத்தில் காசிகவுண்டன்புதூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். அம்மா பழனியம்மாள்தான் காட்டு வேலை செய்து வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிஞ்சதும், 1958-ல், மெட்ராஸுக்கு வந்தார். நடிக்க அல்ல, படம் வரைய.

முதலில் நின்ற இடம் மோகன் ஆர்ட்ஸ். அந்தக் காலத்தில் சினிமா பேனருக்குப் பேர் போன கம்பெனி. மாமா "எங்க ஆளு" என்றதன் அர்த்தம் இதுதான். பேனர் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கையளவு ஸ்டில் போட்டோவில் கட்டம் போடுவார்கள். அதே எண்ணிக்கையில் பெரிய துணியிலும் கட்டம் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்குவார்கள். பக்கத்தில் நின்னு வரையறவனுக்கு முகம் தெரியாது. ஒரு கட்டத்தில் மூக்கின் ஓரம், இன்னொண்ணில் பாதிக் கண். தெரு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் அது சிவாஜியா இல்லையா என்பது தெரியும்.

அதுக்கப்புறம் அரசு ஓவியக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓய்வு பெற்று, கே.சி.எஸ். பணிக்கர் 1957-ல் முதல்வர் ஆகியிருந்தார். பணிக்கரும் கோவையில் பிறந்தவர்தான். கே.எம். ஆதிமூலம் அங்கே படித்ததும் அந்த வருடங்களில்தான்.

காலம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்

இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாச்சு. 60-களின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரியே திசை மாறிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் வாட்டர் கலரில் அழகழகாக இயற்கைக் காட்சி போட்ட பணிக்கரே, 1963 வாக்கில் எழுத்தும் குறியீடுமாக வேறொரு ஓவிய மொழிக்குப் போய்விட்டார். மாணவர்கள் பலரும் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைவதை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள்.

சிவகுமார் கை வேறு பக்கம் போனது. நேரா அந்த இடத்துக்கே போய், அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் படுவதை வரைவது. மாமல்லபுரம், மதுரை மீனாட்சி கோயில், தஞ்சைப் பெரிய கோயில், கன்னியாகுமரி... இன்னிக்கு அவருடைய ஓவியங்கள் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1958-க்கும் 1965-க்கும் இடையில் போட்டவை. அதாவது 17 வயசிலிருந்து 24 வயசு வரை.

மெட்ராஸ் ஓவிய இயக்கம் பற்றி நான் படித்த வரைக்கும் அவர் பெயர் பெரிசா வருவதில்லை. திறமை குறைவு என்பதால் இல்லை, அவர் போன பாதை அந்தக் கதைக்குள் அடங்காது என்பதால் என்று நினைக்கிறேன்.

1965, 1966

1965-ல் ஏவி.எம்மின் 'காக்கும் கரங்கள்' வந்தது. இயக்கம் ஏ.சி. திருலோகசந்தர். பழனிசாமி சிவகுமார் ஆனார். அடுத்தடுத்துப் புராணப் படங்கள், 'கந்தன் கருணை'யில் (1967) முருகன் வேஷம். பிறகு 'அன்னக்கிளி' (1976), நூறாவது படமான 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி' (1979), 'சிந்து பைரவி' (1985). சிறந்த படத்துக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கிய தமிழ்ப் படம் 'மறுபக்கம்'; அதிலும் அவர்தான். மொத்தம் ஏறத்தாழ 190 படங்கள். இந்தப் பகுதி உங்களுக்கே தெரியும், நீட்டவில்லை.

நான் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புவது இன்னொரு தேதியை. அவர் சினிமாவுக்குப் போன மறு வருடம், 1966-ல், பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து கடற்கரையோரம் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஏன்? படம் வரைந்து சோறு தின்ன முடியவில்லை. அதனால் பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் போடுவது என்று முடிவெடுத்தார்கள். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலைக்குப் போனார். 1969 காந்தி நூற்றாண்டுக்கு அவர் போட்ட நூறு காந்தி கோட்டோவியங்கள்தான் அவரைப் பெரிய ஆளாக்கின.

ஆக, எல்லாருக்கும் முன்னால் இருந்தது ஒரே கேள்வி: இந்தக் கையை வெச்சு எப்படிப் பிழைக்கிறது? ஒருத்தர் துணிக்குப் போனார், ஒருத்தர் கடற்கரைக்குப் போனார், ஒருத்தர் கேமராவுக்கு முன்னால் போனார். சிவகுமார் ஓவியத்தைக் கைவிட்டார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது முழு நியாயம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொண்ணு. ஸ்பாட்டில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்க்கும் பழக்கம் எங்கேயும் போகாது. 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி'யின் செம்பட்டையானை மறுபடி பாருங்கள். ஊர் ஊராகச் சாமான் விற்கிற மனுஷனின் நடை, நிற்கும் விதம், கூச்சம். யாரையோ உட்கார்ந்து நிறைய நேரம் பார்த்தவரால்தான் அப்படி நிற்க முடியும். இது என் ஊகம்தான். பிற்காலத்தில் கம்பனின் நூறு பாடல்களை மேடையில் மனப்பாடமாகச் சொன்னதிலும் எனக்கு அதே மாணவர்தான் தெரிகிறார்: ஒண்ணை எடுத்தா முடிக்காம எழுந்திருக்காத பையன்.

மாமாவின் நந்தி

மாமா பேனர் எழுதுவதை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. ஃப்ளெக்ஸ் வந்தது, துணியும் பிரஷும் போச்சு. கொஞ்ச நாள் கடை போர்டு எழுதினார், அப்புறம் அதுவும் இல்லை. தனக்காக அவர் வரைந்தது ஒரே ஒரு படம்தான். அணையில் தண்ணி இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரியும் இல்லையா, ஒரு வறட்சி வருஷம் அங்கே போய் உட்கார்ந்து போட்டது. பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.

இந்தக் கட்டுரைக்காகச் சிவகுமாரின் கோயில் ஓவியம் ஒன்றைப் போனில் காட்டினேன். கோபுரத்தைப் பார்க்கவே இல்லை அவர். விரலால் பெரிசு பண்ணி, கீழே தரையில் விழுந்த நிழலையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"கட்டமே போடாம போட்டிருக்காரு மாப்ள" என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பீரோவை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன்.