‘உங்கள் நாட்டுக்குக் கடற்கரை உண்டா?’ - பள்ளி நூலகத்தில் ஒரு துப்பறியும் விளையாட்டு!

‘உங்கள் நாட்டுக்குக் கடற்கரை உண்டா?’

‘உண்டு.’

‘பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறீர்களா?’

‘இல்லை.’

திரையின் இரு பக்கமும் மாணவர்கள். எதிரில் இருப்பவர்கள் எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று மட்டுமே பதில் வரும் கேள்விகளைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ‘மிஸ்டரி ஸ்கைப்’ என்ற பெயரில் பல நாட்டுப் பள்ளிகளில் பரவிய விளையாட்டு இது.

இதை நூலகத்தில் நடத்தினால் சுவாரஸ்யம் கூடும். சிலர் கேள்வி கேட்பார்கள், சிலர் அட்லஸைப் புரட்டுவார்கள், சிலர் குறிப்பெடுப்பார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் திறக்கப்பட்ட வரைபடம், ஜெயிப்பதற்காகத் திறக்கப்படும்!

2025 மே மாதத்தில் ஸ்கைப் சேவையை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் என்ன? ஜூம், கூகுள் மீட் என எதிலும் இதை விளையாடலாம்.

ஆனால், நேரில் பேசுவதில் ஒரு சிக்கல். சென்னையில் காலை 10 மணி என்றால், நியூயார்க்கில் நள்ளிரவை ஒட்டிய நேரம். அதற்கும் வழி இருக்கிறது.

அக்டோபர், சர்வதேசப் பள்ளி நூலக மாதம். 1971-ல் உருவான சர்வதேசப் பள்ளி நூலகச் சங்கம் இதை முன்னெடுக்கிறது. இதில் ‘புக்மார்க்’ பரிமாற்றம் பிரபலம். பதிவு செய்யும் பள்ளியை வேறொரு நாட்டுப் பள்ளியோடு ஜோடி சேர்ப்பார்கள். பிள்ளைகள் தாங்களே புக்மார்க் வரைந்து, தபாலிலோ ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலோ அனுப்புவார்கள். எங்கோ இருக்கும் ஒரு குழந்தையின் ஓவியம், இங்கே ஒரு புத்தகத்துக்குள் அடையாளமாக இருக்கும்.

பேசுவதற்குப் பொதுவான கதை வேண்டுமா? பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில், ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பள்ளி தமிழிலும், இன்னொன்று தன் மொழியிலும் அதைப் படித்துவிட்டுப் பேசலாம்.

கவனம் அவசியம். மாணவரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதுவும் வெளியே போகக் கூடாது. தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் வழியாகவே நடக்கட்டும். முகம் திரையில் தெரியும் என்றால், பெற்றோரிடம் முன்பே அனுமதி வாங்கிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு கணினியும் இணையமும் போதும். ஆனால், கதையைத் தேர்ந்தெடுக்கவும், அடுத்த பள்ளிக்குக் கடிதம் எழுதவும் ஓர் ஆள் வேண்டும். நூலகப் பொறுப்பை ஏற்கும் அந்த ஓர் ஆசிரியர் இல்லாவிட்டால், எவ்வளவு வேகமான இணையம் இருந்தாலும் புத்தகங்கள் பூட்டிய பீரோவுக்குள்தான் கிடக்கும்.