வசந்தகாலக் குளிரும் வீட்டுச் சுவரின் தெர்மோஸ்டாட்டும்

அமெரிக்காவின் வடபகுதி மாநிலங்களான மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் நாட்காட்டிப்படி வசந்தம் பிறந்த பின்னரும் குளிர் எளிதில் விலகுவதில்லை. ஏப்ரல் மாதத்தில் காலையில் உறைநிலையை ஒட்டியிருக்கும் வெப்பநிலை பிற்பகலில் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும், மறுநாள் மீண்டும் பனி பொழிவதும் அங்கு இயல்பு. கடுங்குளிர்காலத்தில் நிலவறையிலுள்ள சூடேற்றும் உலைக்கு ஓய்வு குறைவு என்பதால் அதனை எப்போது அணைப்பது என்ற கேள்வி பெரிதாக எழுவதில்லை. ஒரே நாளில் குளிரும் வெயிலும் மாறிமாறி வரும் வசந்தத்தில்தான், உலையை இயக்கியும் நிறுத்தியும் அறையின் வெப்பநிலையைக் காக்கும் தெர்மோஸ்டாட் என்னும் கருவியின் திறன் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது.

அக்கருவியின் வரலாற்றில் இவ்விரு மாநிலங்களுக்கும் சிறப்பிடம் உண்டு. விஸ்கான்சினின் ஒயிட்வாட்டர் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன், பணியாளர் வகுப்பறைதோறும் நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு நிலவறைக்குத் திரும்பும் இடையூறைப் போக்க எண்ணி, அறையின் நிலையை மின்மணியால் கீழே அறிவிக்கும் அமைப்பை உருவாக்கி 1883-இல் காப்புரிமை பெற்றார். ஆல்பர்ட் பட்ஸ் 1885-இல் மினியாபொலிஸில் வடிவமைத்த கருவியோ பணியாளரின் தேவையையே நீக்கியது. அறை குளிர்ந்ததும் ஒரு சிறு மோட்டார் உலையின் காற்றுத் தடுப்பைத் தானாகத் திறந்து நெருப்பை வளர்த்தது.

பிற்காலத் தெர்மோஸ்டாட்டுகளின் உயிர்நாடி ஈருலோகப் பட்டை, அதாவது வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் நீள்வதால், சூடேறும்போது தகடு வளைந்தே தீர வேண்டும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி அளவோடு சூடாகி நிற்பதும் இதே பட்டையால்தான். ஹென்றி டிரைஃபஸ் வடிவமைப்பில் ஹனிவெல் நிறுவனம் 1953-இல் வெளியிட்ட வட்டத் தெர்மோஸ்டாட்டில் இப்பட்டை சுருளாக அமைந்து, பாதரசம் அடங்கிய சிறு கண்ணாடிக் குமிழைச் சாய்த்தது. பாதரசம் ஒருபுறம் உருண்டு இரு கம்பிகளை இணைத்ததும் உலை எரியத் தொடங்கும். முதியவரும் சிறுவரும் பயிற்சியின்றிக் கையாளக்கூடியதாய், வளையத்தைத் திருப்பினால் போதும் என்றிருந்த அவ்வடிவம், வீட்டுக் கருவிகளின் வரலாற்றில் மிகுந்த மரியாதைக்குரியது.

எனினும் கருவி எளியதாயினும் அதைப் பற்றிய புரிதல் எளிதாக அமைந்துவிடவில்லை. விடியற்குளிரில் எழுபவர், விரைவில் சூடேறட்டும் என்று அளவை 20-லிருந்து 27-க்கு ஏற்றுவதுண்டு. ஆனால் பெரும்பாலான வீட்டு உலைகள் முழு வேகத்தில் எரியும் அல்லது அணைந்திருக்கும் என்பதால், அளவை உயர்த்துவது வேகத்தைக் கூட்டாது, நிற்கும் இடத்தை மட்டுமே தள்ளிவைக்கும். வில்லெட் கெம்ப்டன் என்ற ஆய்வாளர் 1986-இல் வெளியிட்ட கட்டுரையில், தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்க் குழாயின் திருகு போலக் கருதும் இவ்வெண்ணம் மக்களிடையே வேரூன்றியிருப்பதை விளக்கினார்.

நேரத்திற்கேற்ப வெப்பநிலையை முன்கூட்டியே குறித்துவைக்கும் மின்னணு வகைகள் பெருகிய பின்னர் இச்சிக்கல் குறையவில்லை, கூடியது. பொத்தான்களும் பட்டியல்களும் மிகுந்த அவற்றைப் பலர் முறையாகப் பயன்படுத்தாததால், எதிர்பார்த்த எரிபொருள் சேமிப்பு கிட்டவில்லை எனக் கண்ட அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம், அவ்வகைக்கு அளித்துவந்த சான்றை 2009-இன் இறுதியில் நிறுத்தியது. இணையத்தோடு இணைந்த புதிய கருவிகளுக்குப் பின்னர் சான்று வழங்கத் தொடங்கியபோது, வீடுகளில் உண்மையாகக் கிடைத்த சேமிப்பைத் தரவுகளால் காட்ட வேண்டும் என்று அத்திட்டம் விதித்தது மிகச் சரியான முடிவாகும்.

ஆயினும் எவ்வளவு நுட்பமான கருவியும் தான் மாட்டப்பட்டுள்ள இடத்தின் வெப்பத்தையே முதன்மையாக அறிகிறது. வசந்தத்தின் சாய்ந்த வெயில் சன்னல் வழியே அதன்மேல் விழுந்தால், வடக்கறை குளிர்ந்திருக்கும்போதே உலை அணைந்துவிடும்; காற்று 20 டிகிரியில் இருந்தாலும், இரவுக் குளிரில் ஊறிய சுவரையும் கண்ணாடியையும் நோக்கி உடலின் வெப்பம் கதிராகப் பாய்வதால், அருகில் அமர்ந்திருப்பவர் நடுங்குவார். சில நிறுவனங்கள் அறைதோறும் வைக்கத்தக்க தனி உணரிகளை விற்பது முதற்சிக்கலைத் தணிக்கிறது. இரண்டாவதற்குச் சுவரின் காப்பும் இரட்டைக் கண்ணாடிச் சன்னலுமே மருந்து, தெர்மோஸ்டாட் அன்று.