மீத்தேனைத் தின்று புரதம் தரும் பாக்டீரியா

கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி போன்ற நீர்நிலையின் கரையோரச் சேற்றைக் குச்சியால் கிளறினால் குமிழ்கள் கிளம்பும். இலைதழை காற்றில்லாத இடத்தில் அழுகும்போது பிறக்கும் மீத்தேன் அவற்றில் இருக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

சேற்றில் உண்டாகும் மீத்தேன் முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. காற்று எட்டும் மேல் அடுக்கில், அதையே உணவாகக் கொண்ட பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நெல்வயலிலும் இவை உண்டு. புணேயிலுள்ள அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் மோனாலி ரஹால்கர் குழுவினர், இந்திய நெல்வயல் ஒன்றிலிருந்து வெள்ளரிக்காய் வடிவப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 'மெத்திலோகுகுமிஸ் ஒரைசே' என்று பெயர் சூட்டினார்கள்.

இவற்றின் திறமை சாதாரணமானதல்ல. மீத்தேனில் ஒரு கார்பனை நான்கு ஹைட்ரஜன்கள் இறுகப் பற்றியிருக்கின்றன. ஆலைகளில் இந்த வாயுவை மெத்தனாலாக மாற்ற, நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பமும் கடும் அழுத்தமும் தேவை. பாக்டீரியாவோ சாதாரண வெப்பநிலையிலேயே, தாமிரமோ இரும்போ கொண்ட ஒரு நொதியால் அந்தப் பிணைப்பை உடைத்துவிடுகிறது. மீத்தேன் மெத்தனாலாகிறது, அது ஃபார்மால்டிஹைடாகிறது. அதில் ஒரு பகுதியை எரித்து ஆற்றல் பெற்றுக்கொண்டு, மீதியைக் கொண்டு தன் உடலைக் கட்டிக்கொள்கிறது. உலர்த்திய அந்த உடலில் பாதிக்கும் மேல் புரதம்.

இதைத் தொழிலாக்கியிருக்கிறது பெங்களூருவின் ஸ்ட்ரிங் பயோ. எழில் சுப்பையனும் வினோத் குமாரும் 2013-இல் தொடங்கிய நிறுவனம் இது. பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத் தொட்டியில் கொஞ்சம் பாக்டீரியாவை விட்டு, மீத்தேனையும் ஆக்சிஜனையும் செலுத்தி வளர்க்கிறார்கள். கிடைக்கும் புரதம் கால்நடைத் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் ஏற்றது. தீவனத்துக்காகக் கடலை அரித்து மீன் பிடிக்கும் காலத்தில், இதை நான் பெரிய காரியமாகவே கருதுகிறேன்.

சிக்கல் தொட்டிக்குள்ளேதான். இரண்டு வாயுக்களும் தண்ணீரில் எளிதில் கரையாதவை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் வெடிக்கவும் கூடும். ஆகவே வாயுவை நுண்குமிழ்களாக்கிச் செலுத்துவதிலும், கலவையின் அளவைக் காப்பதிலும்தான் பொறியாளர்களின் உழைப்பு பெரும்பகுதி போகிறது.

வாயுவைப் பாக்டீரியாவால் பயனுள்ள பொருளாக்கும் இன்னொரு முயற்சி பானிப்பட்டில் நடக்கிறது. அங்கே இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு வாயுவை எத்தனாலாக மாற்ற, லான்சாடெக் நிறுவனத்தின் பாக்டீரியாவைப் பயன்படுத்துகிறார்கள். அந்த இனம் முதன்முதலில் கிடைத்தது முயல் புழுக்கையிலிருந்து!

நம் பக்கத்துப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அழுகும் குப்பையிலிருந்து கிளம்பும் மீத்தேன் இத்தகைய தீயை வளர்க்கிறது. திறந்த மேட்டில் சிதறிக் கசியும் வாயுவைப் பிடித்துத் தொட்டிக்குள் அனுப்புவது கடினம். ஆனால் மக்கும் குப்பையைத் தனியாகச் சேர்த்து மூடிய கலனில் போட்டால், பாதிக்கும் மேல் மீத்தேன் உள்ள வாயு ஒரே குழாயில் கிடைக்கும். அதை அடுப்பில் எரிக்கலாம், மின்சாரமாக்கலாம், பாக்டீரியாவுக்கும் கொடுக்கலாம். எனவே காய்கறித் தோலையும் பிளாஸ்டிக் உறையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். தூய்மைப் பணியாளர் வரும்போது தனித்தனியாகக் கொடுங்கள்.