தாதி பார்த்தால் போதுமா?

"டொக்டரிடம் போனோம், நேர்ஸ் பார்த்து அனுப்பிவிட்டா" என்ற மனக்குறை நம்மவரிடையே அடிக்கடி கேட்கிறது. எழுதித் தந்த மருந்தை எடுக்காமலே விட்டுவிடுபவர்களும் உண்டு. நாம் டொக்டருக்காகக் காத்திருக்கலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நமக்காகக் காத்திருக்கா.

இங்கே 'நேர்ஸ் பிரக்டிஷனர்' எனப்படுபவர் தாதியாக வேலை செய்து அனுபவம் பெற்றபின், மேலும் பல்கலைக்கழகத்தில் படித்துத் தனிப்பதிவு பெற்றவர். இன்ன நோய் என்று சொல்லவும், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவும், மருந்து எழுதவும், விசேட வைத்தியரிடம் அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இதற்கான ஒன்ராறியோச் சட்டம் 1997இல் நிறைவேறி, 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2007இல் இவர்களே தலைமை தாங்கும் சிகிச்சை நிலையம் ஒன்று சட்பரியில் திறக்கப்பட்டது. கனடாவில் அதுவே முதலாவது.

இவர்களின் வைத்தியம் குறைந்ததா? 1970களின் தொடக்கத்தில், ரொறன்ரோவுக்கு அண்மையிலுள்ள பேர்லிங்டனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வைத்திய நிலையத்துக் குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, ஒரு பகுதியை டொக்டர்களும் மறுபகுதியை இத்தகைய தாதியரும் பார்த்தார்கள். இரு பகுதியினரின் சுகநிலையும் ஒரேமாதிரி இருந்ததாக 1974இல் முடிவு வெளியானது.

ஊரிலும் நமக்கு இது புதிதல்ல. டிஸ்பென்சரியில் அப்போதிக்கரி ஐயா தந்த மருந்தில் சுகப்பட்டவர்கள்தானே நாம்! அவர் பெரிய பட்டம் பெற்ற டொக்டர் அல்லவே.

ஆனால் நாம் வாய்திறந்து சொன்னால்தான் அவர் அறிவார். பாவிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும், ஊர் மருந்துகளையும் ஒரு பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவு வேலை செய்பவர்கள் எந்த நேரம் சாப்பிடுகிறோம், எந்த நேரம் படுக்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். குளிசை எப்போது போடுவது என்பது அதைப் பொறுத்தது. நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பத்து வயது மகனை வைத்துத் தாய் தன் கர்ப்பப்பை வருத்தத்தைச் சொல்ல முடியுமா? சொல்லாமல் விட்ட வருத்தம்தான் முற்றுகிறது.

ஓஹிப் அட்டை கைக்கு வராதவர்களையும் சமூக சுகாதார நிலையங்கள் பார்க்கின்றன. சந்தேகம் என்றால் 811 இலக்கத்தில் எந்நேரமும் ஒரு பதிவுபெற்ற தாதியுடன் இலவசமாகப் பேசலாம். உயிராபத்து என்றால் 911.

அடுத்தமுறை நேர்ஸ் பிரக்டிஷனர் உங்களை அழைத்தால், தயங்காமல் உள்ளே போங்கள்.