ஓயாமல் ஒலிக்கும் கருவிகள்: தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்களைப் பாதிக்கும் 'அலாரம் சோர்வு' என்றால் என்ன?

மைசூரு: நோயாளியின் உயிரைக் காக்கப் பொருத்தப்பட்ட கருவியின் எச்சரிக்கை ஒலியே, அதைக் கேட்க வேண்டியவரின் கவனத்தில் பதியாமல் போகும் நிலை 'அலாரம் சோர்வு' எனப்படுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

1965-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் மைசூருவில்தான் அமைந்துள்ளது. ஆனால், அலாரம் சோர்வு காதின் குறைபாடு அல்ல. பொய்யென்று பலமுறை தெரிந்துவிட்ட ஒலியை மூளை தானாகவே ஒதுக்கத் தொடங்குவதன் விளைவு இது.

பொய் அலாரம் எழுவதற்குப் பெரிய பழுது எதுவும் தேவையில்லை. நோயாளி புரண்டு படுத்தால் விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவுமானி நழுவும். மார்பில் ஒட்டிய இ.சி.ஜி. மின்முனையின் பசை உலரும். இருமினால் வென்டிலேட்டரில் அழுத்தம் கூடும். ஒவ்வொன்றுக்கும் கருவி கூவும்.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் 77 தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 2013 மார்ச் மாதத்தின் 31 நாள்களில் பதிவான அலாரங்களின் எண்ணிக்கை 25 லட்சத்துக்கும் அதிகம். அவற்றுள் காதில் கேட்கும்படி ஒலித்தவை, ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 187. அதாவது, 10 படுக்கைகள் கொண்ட பிரிவில் நிமிடத்துக்கு ஒன்றுக்கும் மேல். இதயத் துடிப்புக் கோளாறு என ஒலித்த சுமார் 12,600 அலாரங்களை ஆராய்ந்தபோது, 88.8 சதவீதம் பொய்யானவை எனத் தெரிய வந்தது.

எஞ்சியவற்றில்தான் ஆபத்து ஒளிந்துள்ளது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையத்துக்கு 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் தெரிவிக்கப்பட்டன. அவற்றில் 80 நோயாளிகள் உயிரிழந்தனர். இத்தகைய நேரங்களில் பழி முதலில் செவிலியர் மீதே விழுகிறது. நூறு முறை பொய் சொன்ன கருவியை எவரும் விசாரிப்பதில்லை.

இந்தியாவில் ஆள் பற்றாக்குறை இச்சுமையைக் கூட்டுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் நெறிமுறை. நடைமுறையில் ஒருவரே பல படுக்கைகளைக் கவனிக்கும்போது, ஒரு படுக்கையில் ஊசி போட்டுக்கொண்டிருக்கையில் அடுத்த படுக்கையின் ஒலியைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்கி, இரவில் 40 டெசிபல் என வரம்பு விதிக்கின்றன. வாசலில் ஹாரனுக்குத் தடை இருக்க, உள்ளே கருவிகளின் கூச்சல் ஓய்வதில்லை என்பது முரண்.

தீர்வு செலவு மிக்கதாக இருக்க வேண்டியதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் இரு பிரிவுகளில் இ.சி.ஜி. மின்முனைகளைத் தினமும் மாற்றியதிலேயே அலாரங்கள் 46 சதவீதம் குறைந்தன. அலாரம் எழும் வரம்பை நோயாளிக்கு நோயாளி மாற்றி அமைப்பதும், ஒலிக்கும் முன் சில விநாடிகள் தாமதம் வைப்பதும் பலன் தருகின்றன. எனினும், வரம்பை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதை மருத்துவமனை எழுத்துப்பூர்வமாக வரையறுக்காவிடில், செவிலியர் அதைத் தொடத் தயங்குவது இயல்பே.

உடன் இருக்கும் உறவினர்கள் ஒன்றை அறிந்துகொள்ளலாம். திரையில் மஞ்சள் ஒளி நடுத்தர அவசரத்தையும், சிமிட்டும் சிவப்பு ஒளி உடனடி ஆபத்தையும் குறிக்கும். சிவப்பு நீடித்தால் செவிலியரை அழைக்க வேண்டும். ஒலியை நிறுத்தும் பொத்தானைத் தாமாக அழுத்தக் கூடாது.