எகிப்தியர் எழுத்து: படமா, ஒலியா?

புக்கிட் பாத்தோக்கில் வாழும் என் தம்பியின் வீட்டுக்குப் பள்ளி விடுமுறையிற் சென்றிருந்தேன். அவன் மகள் ஒரு தாளில் குன்று ஒன்றையும், அதனருகே வாயைப் பொத்திக்கொண்டு இருமும் சிறுவன் ஒருவனையும் வரைந்து வந்து, "பெரியப்பா, இது எந்த ஊர், சொல்லுங்கள்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "நம் ஊர்தான்! மலாயில் புக்கிட் என்றால் குன்று, பாத்தோக் என்றால் இருமல்" என்று சிரித்தாள். ஊர்ப்பெயருக்குக் காரணம் இருமல்தானா என்பது வேறு வழக்கு. தேங்காய்ச் சிரட்டையைக் குறிக்கும் சொல் என்பாரும் உளர். ஆயினும், 5,000 ஆண்டுகளுக்கு முன் நைல் ஆற்றங்கரையில் நிகழ்ந்த ஒன்றை அச்சிறுமி தன்னையறியாமலே செய்து காட்டிவிட்டாள். அவள் வரைந்த சிறுவன் இருமலைக் குறிக்கவில்லை. ஓர் ஒலியைக் குறித்தான்.

நான் இதனை வியந்து கூறுவதற்குக் காரணம் உண்டு. ஜொகூரில் தோட்டப்பள்ளி ஆசிரியனாகப் பணி தொடங்கிய நாளில், "எகிப்தியர் கண்டதைப் படமாக வரைந்தனர், அறிவு முதிர்ந்த பின்னரே மனிதன் எழுத்தைக் கண்டான்" என்று கற்பித்து வந்தேன். பயிற்சிக் காலத்தில் எழுதி வைத்த குறிப்பு அது. ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நேற்று என்பதற்கு அவர்கள் என்ன படம் போடுவார்கள்?" என்று கேட்டான். விடை தெரியாமல் வேறு பாடத்துக்குப் போய்விட்டேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எகிப்திய எழுத்தில் ஒரு வடிவம் மூன்று வேலைகளுள் ஒன்றைச் செய்யும். சிற்சில இடங்களில் அது தான் காட்டும் பொருளையே குறிக்கும். வீட்டின் வரைபடத்தை இட்டு அதன்கீழ் ஒரு சிறு கோடு போட்டால் அது வீடு. மிகப் பல இடங்களிலோ அது ஒலியைக் குறிக்கும். ஆந்தை 'ம்', நீரலை 'ன்', வாய் 'ர்', சிறு ரொட்டி 'த்'. இவ்வாறு தனி மெய்யொலிக்கென்றே ஏறத்தாழ 24 வடிவங்கள் இருந்தன. இரண்டு மூன்று மெய்களைச் சேர்த்துக் குறிக்கும் வடிவங்களும் பல. மூன்றாவது வேலைதான் நமக்குப் புதியது. சொல்லின் இறுதியில் ஒரு வடிவம் நிற்கும். அதனை வாயால் ஒலிப்பதில்லை. முன்னே வந்த சொல் எவ்வகைப் பொருளைச் சார்ந்தது என்று காட்டுவதே அதன் தொழில். இதனை வகைக்குறி என்று வைத்துக்கொள்வோம்.

வகைக்குறி எதற்காக? எகிப்தியர் உயிரொலிகளை எழுதுவதில்லை. மலாய்மொழியை ஜாவி எழுத்தில் எழுதும்போது உயிரொலிகள் சில விடுபடுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். எகிப்தியரோ அவற்றை முழுவதுமே விட்டனர். தமிழை அம்முறையில் எழுதிப் பாருங்கள். ஓர் ஆந்தை, ஒரு ரொட்டி: ம், த். படிப்பவன் இதை மது என்பானா, மாது என்பானா, மதி என்பானா, மோது என்பானா? பின்னால் ஒரு குடத்தை வரைந்தால் மது. அமர்ந்த பெண்ணை வரைந்தால் மாது. கோலோங்கி நிற்கும் ஆளை வரைந்தால் மோது. சுருட்டிக் கட்டிய ஏட்டை வரைந்தால் மதி. இக்குறிகள் என் கற்பனை அல்ல. குடம், பெண், அடிக்கும் ஆள் ஆகிய மூன்றையும் எகிப்தியர் இத்தகைய சொற்களுக்கே வகைக்குறியாக இட்டனர். கண்ணாற் காண இயலாத கருத்துகளுக்கு ஏட்டுச்சுருளை இட்டனர். வகுப்பில் கரும்பலகையில் இதனைச் செய்து காட்டினால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தாமே சொற்களை எழுதத் தொடங்குவர்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். 'நேற்று' என்பதற்கு எகிப்தியச் சொல்லின் மெய்கள் ஸ், ஃப் என்பன. மடித்த துணி ஒன்று, கொம்புடைய பாம்பு ஒன்று, இறுதியில் கதிரவனின் வட்டம். துணியும் பாம்பும் ஒலி. கதிரவன், 'இது காலத்தைச் சார்ந்த சொல்' என்னும் வகைக்குறி. நேற்று என்பதைப் படமாக வரைய இயலாது. ஒலியாக எழுத இயலும்.

படத்தைப் படமாகவே பார்த்த பிழை எனக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டினதான ஹோரப்போலோ என்பாரின் நூல், எகிப்தியர் 'மகன்' என்பதற்கு ஒரு வாத்தினப் பறவையை வரைவது ஏன் என்று விளக்குகிறது: அப்பறவை தன் குஞ்சுகளிடம் மிகுந்த அன்புடையதாம்! மகன் என்னும் பொருள் சரி, காரணம் தவறு. மகன் என்னும் சொல்லின் மெய்யொலிகளை அப்பறவையின் வடிவம் தந்தது, அவ்வளவே. அறிவைக் குறிக்க நாம் திங்களை வரைந்து 'மதி' என்று படிப்பது போன்றது இது. இந்த அழகிய தவறான விளக்கத்தை நம்பியே ஐரோப்பிய அறிஞர் பலர் எழுத்துகளுக்குள் தத்துவம் தேடிக் காலங் கழித்தனர்.

கட்டு அவிழ்ந்தது 1822இல். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன், ரொசெட்டாக் கல்லின் கிரேக்கப் பகுதியில் 486 சொற்கள் எதிர்நிற்க, எகிப்தியப் பகுதியில் 1,419 வடிவங்கள் இருக்கக் கண்டார். சொல்லுக்கு ஒரு படம் என்றால் இக்கணக்கு எவ்வாறு பொருந்தும்? நீள்வட்டக் கோட்டினுள் எழுதப்பட்ட தாலமி, கிளியோபாத்ரா ஆகிய பெயர்கள் சில ஒலிகளைத் தந்தன. அவையோ கிரேக்கப் பெயர்கள். பழைய எகிப்தியப் பெயரும் ஒலியாற் படிக்கப்படுமா என்பதே வினா. வேறொரு வளையத்துள் கதிரவன், பின் ஒரு வடிவம், பின் இருமுறை 'ஸ்' இருந்தன. காப்டிக் மொழியிற் கதிரவனுக்கு 'ரே' என்று பெயர். நடுவடிவம் 'ம்ஸ்' ஆயின், ராமெசேஸ்! ஒரே பெயரில் கதிரவன் பொருளாகவும் மற்றவை ஒலியாகவும் நின்றன.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காப்டிக் என்பது வேறொன்றுமன்று. பழைய எகிப்திய மொழியே கிரேக்க எழுத்தை ஏற்று, கிறித்தவ வழிபாட்டில் உயிர்தாங்கி நின்றதாகும். ஷாம்போலியன் அதனை இளமையிலேயே ஆழ்ந்து கற்றிருந்தார். கல் மட்டும் கிடைத்து, மொழி அடியோடு மறைந்திருந்தால் அவர் பெயர்களைப் படித்திருப்பாரேயன்றிச் சொற்களை அறிந்திருக்கமாட்டார். சிந்துவெளி எழுத்துக்கு இரண்டும் இல்லை. அதனைப் படித்துவிட்டோம் என்று மேடைதோறும் முழங்கும் நம்மவர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் அதற்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்ததே, விடை இன்னும் கிடைக்காமையாலன்றோ?

ரொசெட்டாக் கல் 1799இல் பிரெஞ்சுப் படையினர் ஒரு கோட்டையைச் செப்பனிட்டபோது கிடைத்தது. உடைந்த கல்தான்; எனினும் அங்கிருந்த அதிகாரி அதன் அருமையறிந்து தனியே எடுத்து வைத்தார். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்திலும் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று நின்றது. 1819இல் அது கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரம். 50 வரிகளளவு எழுத்து. 1843இல் அங்கேயும் ஒரு கோட்டைக்காகவே இடம் தேவைப்பட்டது; வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்த்துவிட்டனர்.

தம்பி மகளை அழைத்துக்கொண்டு தேசிய அரும்பொருளகத்துக்குச் சென்று எஞ்சிய துண்டைக் காட்டினேன். தேய்ந்த எழுத்துகள். பழைய சாவக எழுத்தை ஒத்தன என்பர்; சோழரின் பரகேசரிப் பட்டத்தின் ஒரு பகுதி அதில் இருக்கலாம் என்று அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர் ஒருவர் கருதினார். மொழி எதுவென்று உறுதிப்படவில்லை. சிறுமி கண்ணாடியருகே குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "மற்ற துண்டெல்லாம் எங்கே, பெரியப்பா?" என்றாள். சில துண்டுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர் என்றேன், மற்றவை போயின.